வீரை மரத்தடியில் ஓர் அம்மிக்குழவி

நேற்று முழுக்க எங்கள் ஊர்க் கோவில் குடமுழுக்கில், வெயிலிலும், மோட்டார் வைத்துக் கூட்டத்தின் மேல் தெளித்த புனித நீரிலும் மாறி மாறி நின்றதில் எனக்குச் சளி பிடித்துவிட்டது. காலையில் என் தும்மல் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சின்னக் குப்பியோடு ஓடிவந்தாள். "கொதிக்கிற தண்ணியில ரெண்டு சொட்டு விட்டு ஆவி புடிங்க டீச்சர், மூக்குத் தொறந்துக்கும்" என்றாள். மூடியைத் திருகியதுமே தெரிந்துவிட்டது, நீலகிரித் தைலம். அந்த வாசனைக்கு எல்லோருக்கும் மூக்குத் திறக்கும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். நல்லது செய்ய வந்த பெண்ணை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் தைலமரத்தைத் திட்டித் தீர்த்தேன். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி அவள் எழுந்து போய்விட்டாள். மிச்சத்தை உங்களிடம் சொல்கிறேன். உங்கள் அடுப்பில் பால் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் ஜன்னலோரம் தைலமரம் வந்துவிடும். ஒரே உயரம், ஒரே பருமன், வரிசை பிசகாத நடவு. சென்னையிலிருந்து காரில் வந்திருந்த என் தங்கை மகள், "பெரியம்மா, ஒங்க ஊர்ல இவ்ளோ ஃபாரஸ்ட் இருக்கா!" என்று போனை வெளியே நீட்டிப் படம் பிடித்தாள். நான் காரை நிறுத்தச் சொல்லி, "உள்ள போயி ஒரே ஒரு குருவியப் படம் புடிச்சிட்டு வா" என்றேன். பத்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு திரும்பிவந்தாள். குருவி இல்லை. ஒதுங்கி நிற்க நிழலும் இல்லை. அந்த மரத்தின் இலை வெயிலுக்கு முகம் கொடுக்காது, பக்கவாட்டில் தொங்கும். வெயில் நேராகத் தரைக்கு வந்துவிடும். எங்கள் மாவட்டத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இதைத்தான் காடு என்று நம்பி வளர்ந்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்குச் சளியோடு காய்ச்சலும் சேர்ந்து வரும்போல் இருக்கிறது.

குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குத் தெற்கே இருந்தது வேறு காடு. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், நான் இன்னும் அந்தப் பக்கம் போய்வர வேண்டும். சமஸ்தானம் இருந்தபோது ராஜா வேட்டைக்கு வந்த காடு என்பார்கள். வானத்தைத் தொடுகிற மரங்களெல்லாம் கிடையாது. இரண்டு ஆள் உயரம், சில இடத்தில் மூன்று ஆள் உயரம். ஆனால் அப்படி ஓர் அடர்த்தி. ஆடு உள்ளே நுழைந்துவிட்டால் கழுத்து மணிச் சத்தத்தை வைத்துத்தான் தேடவேண்டும். சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போது அது மட்டும் கரும்பச்சையாக நிற்கும். காசான் மரம் பூத்தால் கிளையெல்லாம் ஊதா. அதன் பழம் தின்றால் நாக்கு கறுத்துப்போகும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்களை நாக்கை நீட்டச் சொல்லியே வாத்தியார் பிடித்துவிடுவார். பாலைப்பழம் தின்றால் பிசின் பட்டு உதடு ஒட்டிக்கொள்ளும். பாலை பழுக்கும் மாதத்தில்தான் நான் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்ததாக அம்மா சொல்லுவாள்.

இவ்வளவுக்கும் சேர்த்து ஆபீஸ் காகிதத்தில் ஒரே ஒரு பெயர்தான் எழுதியிருந்தார்கள். புதர். நானே என் கண்ணால் பார்த்தேன், "பயனற்ற புதர்" என்று. அரசாங்கமா, கம்பெனியா, இரண்டும் சேர்ந்தா என்றெல்லாம் அந்த வயதில் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு எல்லாமே ஆபீஸ்தான். காகிதம் செய்யக் கூழ் வேண்டும், தைலமரம் சீக்கிரம் வளரும், அவ்வளவுதான் சொன்னார்கள். வீரையை வெட்டப்போகிறோம், பாலையை வெட்டப்போகிறோம் என்று பெயரைச் சொல்லி வெட்டியிருந்தால் ஒருத்தராவது குறுக்கே நின்றிருப்பார்கள். புதரை வெட்டுவதற்கு யார் வந்து கேட்பார்கள்? பயனற்றதாம். அந்த வார்த்தையை எழுதிய ஆள் ஒரு தடவையாவது உள்ளே வந்து ஒரு பாலைப்பழத்தைத் தின்று பார்த்திருப்பானா?

சரி, இந்த இடத்தில் நானும் தலையைக் குனிந்துகொள்ளத்தான் வேண்டும். அந்தக் காட்டை அழித்த கூலியாட்களில் நானும் ஒருத்தி. டீச்சர் டிரெயினிங் முடித்து, எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு, தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துப் பார்த்தே வருடங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணுக்கு ஊரில் என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் கூட்டத்தோடு தூர் பறிக்கக் கிளம்பிவிட்டேன்.

தூர் பறிப்பது என்றால் வேறொன்றும் இல்லை. புல்டோசர் முன்னால் மரங்களைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டே போகும். அது விட்டுவிட்டுப் போகிற அடிக்கட்டையையும் வேரையும் கடப்பாரை போட்டு நெம்பி எடுப்பது எங்கள் வேலை. காசானும் வீரையும் லேசில் சாகிற ரகம் இல்லை. இந்த வாரம் பறித்த இடத்தில் அடுத்த வாரம் ஒரு மழை விழுந்தால் போதும், விட்டுப்போன வேரிலிருந்து துளிர் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்ததும் சூப்பர்வைசருக்குக் கோபம் வந்துவிடும். "ஒழுங்கா வேரோட எடுக்கத் தெரியாதா ஒங்களுக்கு?" என்று கத்துவார். தெரியும். வேரோடுதான் எடுத்தோம். அவ்வளவு உயிர் வைத்திருந்ததை நாங்கள்தான் தேடித் தேடிப் பிடுங்கினோம்.

கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவர் பொன்னம்மாக்கா. அவர் வாயில் விழுந்தவர்கள் எழுந்து போனதில்லை. எனக்கு ஜோடியாகக் கடப்பாரை பிடித்தவள் மூக்காயி. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள், கைப்பிள்ளைக்காரி. ஆறு மாதக் குழந்தையை வீட்டில் விட ஆள் இல்லாததால் காட்டுக்கே தூக்கிக்கொண்டு வருவாள். அந்தப் பிள்ளை செல்வராசுதான் இப்போது கோவில் கமிட்டித் தலைவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லி உங்களைத் திடுக்கிட வைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. எனக்கே அந்தத் திடுக்கிடல் இன்னும் போகவில்லை.

காடு அழிய அழிய நாங்கள் உட்காருவதற்கு இடம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் எந்த மரத்தடி என்று தேர்ந்தெடுத்து உட்கார்ந்தோம். பிறகு பத்து மரம், பிறகு மூன்று மரம். கடைசியில் கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண்ணாகக் கிடக்க, நடுவில் ஒரே ஒரு வீரை நின்றது. கிழட்டு மரம். அடிமரம் முறுக்கிப் பிழிந்த துணிபோல மடிப்பு மடிப்பாக இருக்கும். வீரை நிழல் எப்படி இருக்கும் என்று கேட்டால், ஓட்டையில்லாத நிழல் என்றுதான் சொல்வேன். உச்சி வெயிலிலும் ஒரு பொட்டு வெளிச்சம் கீழே விழாது. அதன் தாழ்ந்த கிளையில்தான் மூக்காயி தூளி கட்டுவாள். நாங்கள் பதினெட்டுப் பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து கஞ்சி குடிப்போம். சிவப்பாகச் சின்னச் சின்னப் பழம் தலையில் விழும்.

ஒருநாள் மத்தியானம் சூப்பர்வைசர் வந்து மரத்தை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு டோசர் மொதல்ல இங்கிட்டுதான் வருது. தூளியெல்லாம் வேற எங்கிட்டாச்சும் கட்டிக்கங்க" என்றார்.

பொன்னம்மாக்கா சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "எங்கிட்டுங்கய்யா கட்டுறது? ஒங்க கழுத்துலயா?" என்று கேட்டார்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மூக்காயி அழ ஆரம்பித்தாள். வேலைக்கு வராமல் இருந்தால் சோறு இல்லை, வந்தால் பிள்ளையை வெயிலில் போடவேண்டும். மற்றவர்கள் வேலைக்கு எழுந்துபோன பின்னால் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். டிரெயினிங் முடித்த திமிரோ, வயசுத் திமிரோ தெரியவில்லை. "அக்கா, மரத்தடியில சாமி இருந்தா இடிப்பாங்களா?" என்றேன். பொன்னம்மாக்கா என் முதுகில் ஓர் அடி வைத்தார். "படிச்ச கழுதைக்கு இப்பத்தான் மூள வேல செய்யிது" என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே பெரியது அதுதான்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மூன்று பேரும் கிளம்பினோம். சாமிக்குக் கல் வேண்டுமே? மூக்காயி வீட்டில் அம்மிக்குழவி ஒன்று பாதியாக உடைந்து, கோழிக்கூடை பறக்காமல் இருக்கப் பாரமாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டோம். குழி தோண்டி நட்டோம். புதுச்சாமி என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக எண்ணெயும் அடுப்புக்கரியும் குழைத்துப் பூசிப் பழசாக்கினோம். மஞ்சள், குங்குமம், இரண்டு எலுமிச்சம்பழம், சேலை ஓரத்தில் கிழித்து மஞ்சளில் நனைத்த துணி. பொன்னம்மாக்கா தன் துருப்பிடித்த அரிவாளைப் பக்கத்தில் குத்திவைத்தார். எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தால், உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே கைகூப்பத் தோன்றியது. முந்தின நாள் வரை அதன்மேல் கோழி எச்சம் போட்டுக்கொண்டிருந்தது.

புல்டோசர் டிரைவர் வெளியூர்க்காரர். வண்டியை மரத்துக்குப் பத்தடி முன்னால் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். கீழே இறங்கிச் செருப்பைக் கழற்றினார். "இது என்ன சாமிங்க?" என்று கேட்டார். நாங்கள் பெயரை யோசித்து வைக்கவே இல்லை. பதறிப்போன மூக்காயி, "வீரையடிக் கருப்பரு" என்று உளறிவிட்டாள். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

சூப்பர்வைசர் மோட்டார் சைக்கிளில் பறந்துவந்தார். "நேத்து இங்க ஒண்ணும் இல்லையே!" என்று குதித்தார்.

"நேத்து நீங்க செருப்புப் போட்டுக்கிட்டு வந்தீங்க. அதான் கண்ணுக்குத் தெரியல" என்றார் பொன்னம்மாக்கா.

டிரைவர் முடியவே முடியாது என்றுவிட்டார். சூப்பர்வைசர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார், மிரட்டினார், வேலையை விட்டுத் தூக்குவேன் என்றார். டிரைவர் சாவியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே ஓட்டுங்க சார்" என்றார். சூப்பர்வைசர் சாவியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, "கோவில் மரம், ஒன்று" என்று எழுதிக்கொண்டு போனார். அந்த வாரக் கடைசியில் அவரே ஒரு தேங்காயோடு வந்து நின்றதுதான் வேடிக்கை. மனைவிக்கு உடம்பு சரியில்லையாம். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புதர் என்று எழுதிய காட்டில் ஒரு மரத்துக்காவது பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்ற கர்வம் எனக்கு. நான் செய்த தப்பு அந்தக் கர்வத்துக்குள்தான் இருந்திருக்கிறது. மரத்தை மரமாகக் காப்பாற்ற எங்களுக்குத் தெரியவில்லை. சாமியின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தோம்.

அதற்கடுத்த வருடம் எனக்கு ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போஸ்டிங் வந்தது. லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் பார்ப்பேன். சுற்றிலும் தைலமரம் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. அதற்குள் விழுகிற மழைத்தண்ணீர் வெளியே ஓடாமல் இருக்க உயரமாக வரப்புப் போட்டுவைத்தார்கள். காட்டிலிருந்து வடிந்துவந்து நிரம்பும் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வருவது நின்றது. கிணறுகள் ஒவ்வொன்றாக இறங்கின. கேட்டால் மழை குறைந்துவிட்டது என்றார்கள். மழையைக் குறை சொல்வதற்கு வாய் கூசவில்லை அவர்களுக்கு. மூன்று போகம் பார்த்த வயல்காரர்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பினார்கள். செல்வராசுவும் படித்து முடித்த கையோடு சிங்கப்பூர் போனான்.

தண்ணீர் போகப்போகக் கருப்பருக்குக் கூட்டம் கூடியது. வெளிநாடு போகிறவர்கள் வேண்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வந்தவர்கள் ஏதாவது கட்டிக்கொடுத்தார்கள். முதலில் தகரக் கொட்டகை. அதற்கு இடைஞ்சலாக இருந்த ஒரு கிளையை வெட்டினார்கள். பிறகு மைக்செட் குழாய் கட்ட ஒரு கிளை, கரண்டுக் கம்பி இழுக்க ஒரு கிளை, மண் குதிரைக்கு மேடை கட்ட ஒரு கிளை. நான் ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுச் சும்மாதான் வந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். ஊர்ப்பக்கம் டிரான்ஸ்பர் கிடைக்கவேண்டும் என்று நானே ஒருமுறை அந்தக் குழவிக்கல்லிடம் வேண்டிக்கொண்டேன். நான்கே மாதத்தில் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பது?

போன வருடம் தை மாதம் ஊரில் கூட்டம் போட்டார்கள். கல்மண்டபம் கட்டி, கோபுரம் எழுப்பி, குடமுழுக்குச் செய்வதாகத் திட்டம். செல்வராசு ஊரோடு வந்து தலைவராகியிருந்தான். தங்கமான பிள்ளை, அதில் சந்தேகமே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். போட்டுவிட்டு, "மரத்த எடுத்துத்தான் ஆகணும் டீச்சரம்மா. வேரு தரையத் தூக்குது. எலை கொட்டுது, குருவி எச்சம் போடுது. மண்டபம் தாங்காதுன்னு ஸ்தபதி சொல்லிட்டாரு" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "டேய், அந்த மரத்துக் கெளையிலதான்டா நீ தூங்கினே!" என்றேன். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவனும் சங்கடமாகச் சிரித்தான். அதற்குமேல் எனக்கு ஒன்றும் மிச்சம் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. நாற்பது வருடம் மூன்று பேருக்குள் இருந்ததைப் போட்டு உடைத்தேன். சாமியை வைத்தது நாங்கள்தான், கல் மூக்காயி வீட்டு அம்மிக்குழவி, கரி பூசிப் பழசாக்கினோம், மரத்தைக் காப்பாற்றத்தான் சாமியே வந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பொன்னம்மாக்கா செத்து எட்டு வருடமாகிவிட்டது. எனக்கு இருந்த ஒரே சாட்சி மூக்காயிதான். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "கல்லு எங்க வீட்டுதுதான். ஆனா சாமி வந்து ரொம்ப நாளாச்சுல்ல" என்றாள்.

பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கனிவாகப் பார்த்து, "நீ வச்சதா நெனைக்கிறே தாயி. ஒன் கையால தன்ன வச்சுக்கிட்டது அவருதான்" என்றார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். விடுவேனா? "அப்படின்னா அவரு மரத்தடியத்தானே கேட்டு வந்தாரு? மூக்காயி வீட்டுக் கோழிக்கூடைக்கிட்டயே இருந்திருக்கலாமே?" என்றேன். செல்வராசு யோசித்துவிட்டு, "அதையும் அவருகிட்டயே கேட்டுப்புடுவோம்" என்றான்.

பூப்போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் சிவப்புப்பூ. சாமிமுன் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் சம்மதமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மரத்தை எடுக்கலாமா என்று ஊரே கூடி நின்று கேட்டது. பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு பக்தியோடு நான் எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை. "வாழ்க்கையில ஒரு தடவ நாயத்தச் சொன்னியேப்பா" என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்தப் பக்தி ஒரு வாரம்தான் தாங்கியது. சாமி ஏதோ கோபத்தில் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கிடா வெட்டிப் பொங்கல் வைத்துவிட்டு மறுபடி கேட்டார்கள். வெள்ளை வந்தது. அதோடு கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். முடியாது என்றால் திரும்பக் கேட்கலாமாம், சரி என்றால் அதுதான் தீர்ப்பாம். புதர் என்று எழுதிய ஆபீஸ்காரனாவது பொய்யை ஒரே தடவையில் எழுதி முடித்தான். எங்கள் ஆட்கள் சாமியை இரண்டு தடவை நிற்கவைத்துக் கேட்டு வாங்கினார்கள். இதில் யாரை நான் அதிகமாகத் திட்டுவது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

மெஷின் ரம்பத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒரே நாள் வேலை என்று பேசியிருந்தார்கள், மூன்று நாள் ஆயிற்று. ரம்பச் சங்கிலி இரண்டு தடவை அறுந்தது. "மரமா இது, இரும்பா?" என்று அவர்களே அலுத்துக்கொண்டார்கள். கட்டைகளை லாரியில் ஏற்றிச் செங்கல் சூளைக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்த அடிக்கட்டை துளிர்க்கும் என்று யாருக்கோ நினைவு இருந்திருக்கிறது. அதில் துளைபோட்டு ஆசிட் ஊற்றி, மேலே கான்கிரீட் போட்டு, அதற்குமேல் பளிங்கு பதித்தார்கள். நான் மூன்று நாளும் அங்கே நிற்கவில்லை. வீட்டில் படுத்துக்கொண்டு போன்மேல் போனாக எல்லோரிடமும் சண்டை போட்டேன்.

இந்த வருடம் சித்திரை பிறந்ததும் செல்வராசு ஒருநாள் போன் செய்தான். குரலில் ஒரு தயக்கம். "டீச்சரம்மா, தலவிருட்சம் இல்லாமக் குடமுழுக்குப் பண்ணக்கூடாதுன்னு குருக்கள் சொல்றாரு. ஒரு வீரைக் கன்னு எங்கங்க கெடைக்கும்? ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றான். போனைச் சுவரில் அடிக்கலாம் என்று தோன்றியது. அடிக்கவில்லை. ஒரு கன்றாவது முளைக்கட்டுமே என்ற நப்பாசை. ஆட்டோ பிடித்து நர்சரி நர்சரியாகப் போய்க் கேட்டேன். "வீரையா? அப்படி ஒரு மரமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். மணமேல்குடிப் பக்கம் ஒரு கோவில் காட்டில் இரண்டு மரம் நிற்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். நின்றன. அடியில் ஒரு கன்றுகூட இல்லை. விழுகிற பழத்தை ஆடு தின்றுவிடுகிறது, தப்பி முளைத்தால் கூட்டிப் பெருக்கிச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் ராஜா வேட்டையாடும் அளவுக்கு நின்ற மரத்துக்கு, இந்த மாவட்டத்தில் நான் தேடிய இடமெல்லாம் ஒரு கன்று இல்லை.

நேற்றுக் குடமுழுக்கு. தலவிருட்சத்துக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன். சன்னதிக்கு இடதுபுறம் சதுரமாக ஒரு தொட்டி கட்டி, அதில் ஆள் உயரத்துக்கு நெட்டிலிங்கம் வைத்திருந்தார்கள். கல்யாண மண்டபத்து வாசலில் கம்பம்போல ஓங்கி நிற்குமே, அதேதான். "தலவிருட்சம்: வீரை" என்று கருங்கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். எந்த நர்சரிக்காரன் தலையில் கட்டினானோ தெரியாது. பெண்கள் அதைச் சுற்றி வந்து மஞ்சள் கயிறு கட்டினார்கள். பக்கத்துப் பலகையில் சாமி ஆயிரம் வருடத்துக்கு முன்னால் சுயம்புவாகத் தோன்றிய வரலாறு இருந்தது. அதை நான் படித்து முடிக்கவில்லை.

செருப்பை வெளி வாசலிலேயே கழற்றிப் போடச் சொல்லிவிட்டார்கள். உச்சி வெயிலில் புதுப் பளிங்குத் தரை கொதித்தது. எல்லோரும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள். மூக்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அந்தத் தை மாதக் கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தொட்டியில் இருந்த மரத்தை அண்ணாந்து பார்த்தாள், கீழே குச்சியாக விழுந்திருந்த அதன் நிழலையும் பார்த்தாள்.

"இது வீரை இல்லைல்லடி?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

"நான் அன்னைக்குக் கூட்டத்துல மரத்துக்காகவும் வாயத் தொறந்திருக்கணும்" என்றாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அதற்குள் செல்வராசு எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். "ஆத்தா, வெயில்ல நிக்காதே. டீச்சரம்மா, நீங்களும் வாங்க, கார்ல ஏசி போட்டிருக்கேன், செத்த நேரம் உக்காருங்க" என்று இரண்டு பேர் கையையும் பிடித்து அழைத்துப்போனான். அவன் அம்மா ஏறினாள். நானும் ஏறினேன். அவ்வளவு கோபத்தையும் வைத்துக்கொண்டு ஏறினேன், கால் சுட்டது.

கதவை மூடியதும் மேளச் சத்தம் நின்று உள்ளே குளிர்ந்தது. மூக்காயி கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பளிங்குத் தரை முழுக்கப் பெண்கள், இடுப்பில் பிள்ளைகளோடு, அன்னதானப் பந்திக்காக வெயிலில் வரிசையில் நின்றார்கள். ஒருத்தி முந்தானையை இழுத்துப் பிள்ளையின் தலையில் போட்டாள்.